கூட்டம் வேறு, வாடிக்கை வேறு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நம் தீர்மானப் புத்தகத்தில் ஒரு கடன் மனு இருக்கிறது. ஒரகடம் பக்கத்து குழு ஒன்று ஒரு லட்சம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள். வாலாஜாபாத் ரோட்டு மேலேயே கடை பிடிக்க வேண்டும், அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அதுக்கு அவங்க சொல்ற காரணம், "எங்க வீடியோ வைரல் ஆயிடுச்சு" என்பது. கடன் கொடுக்கலாமா, வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவு செய்யப் போகிறீர்கள். அதற்கு முன்னால் இந்த வைரல் என்கிற விஷயத்தைப் பற்றி பத்து நிமிஷம் பேசச் சொல்லி தலைவி அக்கா கேட்டுக்கொண்டார். அந்தக் குழு சகோதரிகளும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவங்க சம்மதத்தோடதான் அவங்க கதையைச் சொல்றேன்.

பத்து நாள் திருவிழா

இந்தக் குழுவில் நாலு பேர் சேர்ந்து, கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் சாயந்திரம் அடையும் சுண்டலும் போடுகிறார்கள். ராத்திரி ஷிப்டுக்குப் போகிற ஹாஸ்டல் பெண் பிள்ளைகள்தான் வாடிக்கை. தட்டு இருபது ரூபாய். பஸ் நிற்கிறது பத்தே நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் அறுபது பிள்ளைகள் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஏறிவிடும். இப்படித்தான் ஒன்றரை வருஷமாக ஓடியது.

அதில் ஒரு பிள்ளை விளையாட்டாக ஒரு வீடியோ எடுத்தது. அடை கல்லில் திரும்புகிறது, நம்ம அக்கா சிரிக்கிறார், பின்னால் ஒரு பாட்டு. அந்த வாரம் எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்த பாட்டு அது. இன்ஸ்டாகிராமில் போட்டதும் மூணு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அடுத்த பத்து நாள் திருவிழாதான். தாம்பரம், பூந்தமல்லி, கிண்டியிலிருந்தெல்லாம் வண்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். தினமும் இருநூறு தட்டு.

பதினோராம் நாள் கூட்டம் குறைந்தது. மூணாவது வாரம் யாருமே வரவில்லை. வேறு வீடியோ, வேறு கடை என்று போய்விட்டார்கள். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் இன்னொன்று நடந்தது. பழைய அறுபது பிள்ளைகளில் முப்பத்தைந்து பேர்தான் திரும்பி வந்தார்கள். ஏன்? அந்தப் பத்து நாளும் வரிசையில் நின்று, அடை கிடைப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. வெறும் வயிற்றோடு ராத்திரி வேலைக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள் எதிரே இருக்கிற கடைக்குப் போய்விட்டார்கள். போனவர்கள் அங்கேயே பழகிவிட்டார்கள்.

போன வாரம் நானும் அந்தக் குழுவும் உட்கார்ந்து கணக்கு நோட்டைப் பார்த்தோம். நீங்களும் மனசுக்குள்ளே போட்டுப் பாருங்கள். வழக்கமாக அறுபது தட்டு, இருபது ரூபாய், பத்து நாளைக்கு 12,000 ரூபாய். கூட்டம் வந்த பத்து நாளில் இருநூறு தட்டு, 40,000 ரூபாய். ஆக, வைரலால் கூடுதலாக வந்த விற்பனை 28,000. இப்போது தினமும் இருபத்தைந்து தட்டு குறைவு. மாதம் 24 நாள் கடை என்றால் மாதத்துக்கு 12,000 ரூபாய் விற்பனை போகிறது. இரண்டு மாதத்தில் 24,000. மூன்றாவது மாதம் முடிவதற்குள் கூடுதலாக வந்த 28,000 ரூபாயும் சரியாகிவிடும். அதற்கப்புறம் நஷ்டம்தான்.

உழைப்பில் அவர்கள் குறை வைக்கவில்லை. ராத்திரி பகலாகப் பாடுபட்டிருக்கிறார்கள். கூட்டத்தையும் வாடிக்கையையும் ஒன்று என்று நினைத்ததுதான் தவறு. அந்தத் தவறை யாரும் செய்வோம். நானே அந்த வீடியோவைப் பார்த்து, பத்து பேருக்கு அனுப்பினேன்.

டெல்லியில் நடந்தது, கோவையில் நடந்தது

டெல்லி மாளவியா நகரில் காந்தா பிரசாத், பாதாமி தேவி என்று ஒரு வயதான தம்பதி. 'பாபா கா தாபா' என்று சின்ன சாப்பாட்டுக் கடை. கொரோனா காலத்தில் வியாபாரமே இல்லை. 2020 அக்டோபரில், சமைத்த சாப்பாடு விற்கவில்லை என்று அந்தப் பெரியவர் அழுகிற வீடியோ நாடு முழுக்கப் பரவியது. மறுநாளே ஜனங்கள் கடை முன்னால் திரண்டார்கள். உதவிப் பணமும் வந்தது. அந்த டிசம்பரிலேயே அவர் புதுசாக ஓர் ஓட்டல் திறந்தார். 2021 பிப்ரவரியில் மூடிவிட்டார். பிறகு பத்திரிகைக்காரர்களிடம் அவரே கணக்குச் சொன்னார். வாடகை, ஆள் கூலி, கரண்ட், சாமான் எல்லாம் சேர்த்து மாதச் செலவு ஏறக்குறைய ஒரு லட்சம். விற்பனை மாதம் 40,000 ரூபாயைத் தாண்டவில்லை. திரும்பவும் பழைய கடைக்கே வந்து அடுப்பு பற்ற வைத்தார்.

வீடியோ பார்த்து வந்த கூட்டம் நிலைக்கவில்லை. வாடகை மட்டும் ஒவ்வொரு மாதமும் வந்தது. அதுதான் வித்தியாசம்.

இப்போது நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். கோவை பக்கம் வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி. ஒரு ரூபாய்க்கு இட்லி விற்கிற பாட்டி என்றால் உங்களுக்குத் தெரியும். 2019இல் அவரைப் பற்றிய வீடியோ பரவியது. ஆனந்த் மகிந்திரா அதைப் பார்த்து உதவ முன்வந்தார். விறகு அடுப்பில் வெந்துகொண்டிருந்த பாட்டிக்கு கேஸ் அடுப்பு வந்தது. 2022இல் அன்னையர் தினத்தன்று புது வீடே வந்தது. இத்தனை புகழ் வந்தபிறகும் பாட்டி இட்லி விலையை ஏற்றவில்லை. முப்பது வருஷமாக யாருக்குச் சுட்டாரோ, அந்தக் கூலிக்காரர்களுக்கே தொடர்ந்து சுட்டார்.

ஒரு ரூபாய்க்கு இட்லி விற்பது தர்மம். நமக்கு அது கட்டுப்படி ஆகாது. நாம் தவணை கட்ட வேண்டும். ஆனால் கூட்டம் வந்தபோதும் பழைய வாடிக்கையை விடாமல் இருந்தாரே, அதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் வீடியோவே வேண்டாமா?

அப்படிச் சொல்ல வரவில்லை சகோதரிகளே. ஊர் என்ன பேசுகிறதோ அதோடு நம் சரக்கைச் சேர்த்துப் பேசுவது பழைய வியாபார தந்திரம். நம்மைப் போலவே சின்ன உற்பத்தியாளர்கள் சேர்ந்து நடத்துகிற அமுல் பால் கூட்டுறவை எடுத்துக்கொள்ளுங்கள். 1966 முதல் அந்த புள்ளிச் சட்டை போட்ட சின்னப் பெண் படம் வருகிறது. கிரிக்கெட்டில் ஜெயித்தால் அதைப் பற்றி ஒரு வரி, தேர்தல் வந்தால் ஒரு வரி, புதுப்படம் வந்தால் ஒரு வரி. பேச்சு மாறிக்கொண்டே இருக்கும். வெண்ணெய் மாறாது. படம் பார்க்கிறவர் சிரித்துவிட்டு, கடைக்குப் போனால் வெண்ணெய் கேட்பார்.

இன்னொன்று, டெல்லியில் ஜஸ்மீன் கவுர் என்று சுடிதார் துணி விற்கிற பெண்மணி. போனில் நேரலையாகத் துணியை விரித்துக் காட்டி விற்பார். ஒவ்வொரு துணிக்கும் "ஜஸ்ட் லுக்கிங் லைக் எ வாவ்" என்று ராகம் போட்டுச் சொல்வார். 2023 கடைசியில் அந்த வார்த்தை நாடு முழுக்கப் பரவி, தீபிகா படுகோன் வரைக்கும் அதைச் சொல்லி வீடியோ போட்டார். அந்த அம்மா ஊரைப் பார்த்து நடிக்கவில்லை. தினமும் வாடிக்கைக்காரரிடம் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசினார். நம் சந்தையில் மீன் விற்கிற அக்கா கூவுவதைக் கேளுங்கள், பூக்கார அம்மா பேசுவதைக் கேளுங்கள். நமக்கு அந்தப் பேச்சு இல்லாமலா இருக்கிறது?

ஆகவே, ஓடுகிற டிரெண்டைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: இது நம் சரக்கோடு ஒட்டுகிறதா? பொங்கலுக்கு ஹாஸ்டல் பிள்ளைகள் ஊருக்குப் போவார்கள். எல்லாரும் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தைப் பற்றித்தான் வீடியோ போடுவார்கள். அப்போது "பஸ் கிடைக்கிற வரைக்கும் பசிக்காம இருக்க எங்க முறுக்கு" என்று ஒரு வீடியோ போட்டால் ஒட்டும். ஊறுகாய் விற்கிறவர் சும்மா டான்ஸ் ஆடினால், டான்ஸைத்தான் பார்ப்பார்கள், ஊறுகாய் நினைவிருக்காது.

இரண்டாவது கேள்வி: இதில் யாரையாவது கேலி செய்கிறோமா? ஒருவருடைய நிறம், உடம்பு, சாதி, வடநாட்டுத் தம்பிகளின் பேச்சு, இதையெல்லாம் வைத்துச் சிரிப்பு காட்டுகிற டிரெண்டும் ஓடும். நமக்கு வேண்டாம். அந்த வடநாட்டுத் தம்பியும் நம் வாடிக்கைதான்.

மூன்றாவது கேள்வி: நாளைக்கு ஐந்து மடங்கு ஆள் வந்தால் நம் அடுப்பு தாங்குமா? தாங்காது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "ஒரு நாளைக்கு நூறு தட்டுதான். பஸ் பிள்ளைகளுக்கு முதல் வரிசை" என்று அட்டையில் எழுதி வையுங்கள். வெளியூர்க்காரர்கள் கோபப்பட மாட்டார்கள். இன்னும் மதிப்புதான் கூடும்.

வீடியோ எடுக்கும்போது சில சின்ன விஷயங்கள்: பகல் வெளிச்சத்தில் எடுங்கள். முதல் மூன்று விநாடியிலேயே பண்டத்தைக் காட்டுங்கள். ஊர், இடம், நேரம், விலை நாலையும் வாயால் சொல்லுங்கள், எழுத்திலும் போடுங்கள். முகம் காட்டப் பிடிக்கவில்லை என்றால் கை மட்டும் தெரிந்தால் போதும்; பலர் அப்படித்தான் எடுக்கிறார்கள். சாப்பிட வந்த பிள்ளைகள் முகத்தை அவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். ஊரில் அவர்கள் வீட்டில் என்ன சொல்லி வேலைக்கு அனுப்பியிருக்கிறார்களோ, நமக்குத் தெரியாது. சினிமாப் பாட்டுக்கு உரிமையாளர் உண்டு. வியாபார விளம்பரத்துக்கு அதை எடுத்துப் போட்டால் பிரச்சினை வரலாம். உங்கள் குரலே போதும்.

மாட்டிக்கொள்ளாமல் இருக்க

வெளிச்சம் வந்தால் பூச்சியும் வரும். மூன்று எச்சரிக்கை சொல்கிறேன்.

ஒன்று, கையெழுத்து. மேற்கு வங்காளத்தில் பூபன் பத்யாகர் என்று ஒருவர், கிராமம் கிராமமாகப் போய் பச்சை வேர்க்கடலை விற்றவர். உடைந்த சாமான், பழைய செல்போன் இதற்கெல்லாம் கடலை கொடுப்பார். நம் ஊரில் பழைய பிளாஸ்டிக்குக்கு வெங்காயம் கொடுப்பார்களே, அந்த மாதிரி. கூவி விற்க அவர் கட்டிய 'கச்சா பாதாம்' பாட்டு 2021 கடைசியிலும் 2022லும் உலகம் முழுக்க ஓடியது. ஆனால் 2023இல் அவர் பத்திரிகைகளிடம் என்ன சொன்னார் தெரியுமா? பாட்டின் உரிமை தன்னிடம் இல்லை, படிக்கத் தெரியாத தன்னிடம் காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், இப்போது சொந்தப் பாட்டைப் பாடி வீடியோ போடவே முடியவில்லை என்றார். சகோதரிகளே, முதன்முதலில் குழுவில் சேர்ந்தபோது நாம் எதற்காகக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டோம்? ஏமாறாமல் இருக்கத்தானே? யாராவது வந்து "உங்களைப் பிரபலம் ஆக்குகிறோம், இதில் ஒரு கையெழுத்து" என்றால், "குழுக் கூட்டத்தில் வைத்துப் படித்துவிட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லுங்கள். நல்லவராக இருந்தால் காத்திருப்பார்.

இரண்டு, போன் மோசடி. வீடியோவில் உங்கள் நம்பரைப் போட்டால், பெரிய ஆர்டர் என்று ஒருவன் கூப்பிடுவான். மிலிட்டரி ஆபீசர் என்பான், நூறு சாப்பாடு வேண்டும் என்பான். பணம் அனுப்புகிறேன், இந்தக் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள் என்பான். ஞாபகம் வையுங்கள்: பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் நம் பணம்தான் போகும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காமல், உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

மூன்று, சுத்தம். 2021 டிசம்பரை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டோம். செல்போன் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த பெண்களுக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சில பேர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அது உண்மை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் வேதனை உண்மை. ஒரே ராத்திரியில் பெங்களூர் நெடுஞ்சாலையே நின்றது. நல்ல பெயரை பத்து நாளில் கொண்டுபோகிற அதே போன், கெட்ட பெயரை ஒரே ராத்திரியில் கொண்டுபோகும். எனவே சாப்பாட்டுத் தொழில் செய்கிற குழுக்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த 14 இலக்க எண்ணைக் கடையில் எழுதி வையுங்கள். தண்ணீர், எண்ணெய், கை சுத்தம் மூன்றிலும் கூட்டம் வந்தாலும் கை தளரக் கூடாது. இருநூறு தட்டு போடுகிற அவசரத்தில்தான் பழைய எண்ணெய் திரும்பச் சட்டியில் விழும்.

வாடிக்கையை நோட்டில் எழுதுங்கள்

நம் பக்கத்தில் நோக்கியா கம்பெனி 2006இல் ஓட ஆரம்பித்தது. அதை நம்பி எத்தனை வேன், எத்தனை ஹாஸ்டல், எத்தனை இட்லிக் கடை! 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. கடை வைத்திருந்தவர்கள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வாசலே மூடிவிட்டது. போனிலும் அதேதான் நடந்தது. எத்தனையோ பேர் டிக்டாக்கில் ரசிகர் சேர்த்து, அதை வைத்து வியாபாரமும் செய்தார்கள். 2020 ஜூன் 29ஆம் தேதி அரசாங்கம் அதைத் தடை செய்தது. சேர்த்து வைத்த லட்சம் பேரும் ஒரே நாளில் காணாமல் போனார்கள். அவர்களில் ஒருவருடைய நம்பராவது நோட்டில் எழுதி வைத்திருந்தவருக்கு அந்த ஒருவராவது மிஞ்சினார்.

அதனால் நான் சொல்கிற முக்கியமான வேலை இதுதான். வைரல் கூட்டம் வருகிற அன்றைக்கு, கடையில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். வருகிறவரிடம் கேளுங்கள்: "எந்த ஊருங்க? பக்கத்துலயா வேலை? உங்க நம்பர் குடுத்தா என்னைக்கு என்ன பண்டம்னு சொல்றோம்." விருப்பப்பட்டுக் கொடுப்பவரிடம் மட்டும் வாங்குங்கள். மூணு லட்சம் பேர் பார்த்தார்கள் என்பது பெரிதல்ல. அதில் ஒரகடம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூரில் இருந்து தினம் வரக்கூடியவர்கள் ஐம்பது பேர் கிடைத்தால் அதுதான் லாபம்.

அந்த ஐம்பது பேரையும் உங்கள் நம்பரைப் போனில் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை 256 பேர் வரைக்கும் தனித்தனியாக அனுப்புகிற பட்டியல் வசதி இருக்கிறது. ஆனால் நம் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். சாயந்திரம் நாலு மணிக்கு "இன்னைக்கு முருங்கைக்கீரை அடை, பஸ்ஸுக்கு முன்னாடியே பொட்டலம் கட்டி வைக்கிறோம், யாருக்கு வேணும்?" என்று ஒரு வரி. அறுபது பேர் சொன்னால் அறுபது பொட்டலம். வரிசை இல்லை, பஸ் தவறாது, மாவு மிஞ்சாது. ஸ்மார்ட் போன் இல்லாத அக்காமார் கவலைப்பட வேண்டாம். குழுவில் ஒருவரிடம் இருந்தால் போதும். மகளிடம் கேளுங்கள், அவள் சொல்லிக் கொடுப்பாள். நாம் அவளுக்கு எழுதக் கற்றுக் கொடுக்கவில்லையா?

கடன் மனுவைப் பற்றி

கடைசியாக, அந்த மனு. முடிவு உங்களுடையது. என் கருத்தை மட்டும் சொல்கிறேன். ஒரு லட்சம் கடன் கேட்பது தப்பில்லை. ஆனால் கடனை வைரல் வாரத்து விற்பனையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை, மழை பெய்கிற செவ்வாய்க்கிழமை, எத்தனை தட்டு போகிறதோ அதை வைத்துப் போடுங்கள். அந்த விற்பனையில் சாமான் செலவு, நாலு பேர் கூலி போக, தவணை கட்ட முடிந்தால் கொடுக்கலாம். முடியாவிட்டால், முதலில் போன இருபத்தைந்து பிள்ளைகளைத் திரும்பக் கொண்டு வர என்ன வேண்டுமோ அதற்கு மட்டும் சின்னக் கடன் கொடுக்கலாம். அவர்கள் தூரத்தில் இல்லை. எதிர்க் கடையில்தான் நிற்கிறார்கள். போய் "கண்ணு, அன்னைக்குப் பசியோட அனுப்பிட்டோம், மனசுல வெச்சுக்காத" என்று ஒரு வார்த்தை சொன்னால் வருவார்கள்.



(உரைக்குப் பின் நடந்த விவாதத்தில், மனு கொடுத்த குழுவினரே கடைக்கான கடனை ஆறு மாதம் தள்ளிவைக்கக் கேட்டுக்கொண்டனர். இரண்டாவது அடுப்பும் பாத்திரமும் வாங்க அக்குழுவுக்கு 15,000 ரூபாய் கடன் வழங்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.)